கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா

எஸ்தெல் அப்பாவுக்கு,

நல்லாத்தான் இருப்பீங்க. அதனால கேக்கல.

ஞாயித்துக்கிழமை உங்க நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புனா, நம்ம பொண்ணு பாஸ்தா புராணம்தான் பாடறா. பன்னீரு, வேகவச்ச கொண்டைக்கடலை, மேல சீஸ். சைவம்னாலும் புரோட்டீன் இருக்காம். இப்ப உங்களோட இருக்கற சரிதாவுக்கு மீன் வாடை ஆகாதுன்னு நீங்களும் சைவமாமே.

தவக்காலத்துல நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்துக்கிட்டே உங்களுக்குப் பிள்ளைச்சாவடி மீனை அலசிக் குழம்பு வச்சிருக்கேன். "சத்தில்லாத சோத்த மனுஷன் தின்பானா"ன்னு தட்டைத் தள்ளுனவர் நீங்க.

நேத்து நானும் பாஸ்தா செஞ்சேன். அந்தப் பொம்பள கைப்பக்குவத்துக்கு எம்பொண்ண விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு. பூண்டு வதக்கி, தக்காளி அரைச்சு ஊத்தி, கடலையும் பன்னீரும் அள்ளிப் போட்டேன். நல்லாவே வந்துச்சு. எஸ்தெல் ரெண்டு வாய் தின்னுட்டு நிறுத்திட்டா.

"ஏன்டி, ஆன்ட்டி செய்யற மாதிரி இல்லியா?"ன்னு கேட்டேன்.

"ஆன்ட்டிக்குச் சமைக்கவே தெரியாதும்மா. அப்பாதான் செய்வாரு. ஆன்ட்டி டயர்டா இருந்தா ஊட்டிக்கூட விடுவாரு."

மூலக்குளத்துல இதே வீட்டுல நான் டைபாய்டுல கெடந்தப்ப, ஒரு வாய் கஞ்சி கேட்டேன். கேஸ் அடுப்பு பத்தவைக்கவே தெரியாதுன்னு வாசல்ல போய் நின்னுக்கிட்டீங்க. நானும் அதை நம்பிட்டேன். பாவம், மனுஷன் பட்டினி கெடப்பாரேன்னு காய்ச்சலோட எழுந்து வந்து உங்களுக்கு மீன் வறுத்தேன்.

இப்படிக்கு,
உங்க பொண்ணோட அம்மா