இல்லாத கதவுக்கு வந்த நோட்டீஸ்

அனுப்புநர்:
பல் மருத்துவமனையின் வரவேற்பாளர்,
உடன் அவருடைய அக்கா,
பழைய நீதிமன்றத் தெரு.

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் திரையரங்கிற்குக் கதவு இல்லை என்று தாங்கள் அனுப்பிய நோட்டீஸைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்கும், இந்த வாரம் சிறிது கோபத்திற்கும் உரிய ஐயா,

1. தினமும் பல்வலிக்காரர்களுக்குப் பதில் சொல்லிப் பிழைப்பவள் நான். எளிதில் பொறுமை இழப்பவள் அல்ல என்பதை முதலில் பதிவு செய்கிறேன். ஆனாலும் நேற்று வந்த தங்கள் நோட்டீஸைப் படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

2. மேற்படி திரையரங்கு எந்தப் பெரிய நிறுவனத்தையும் சார்ந்ததல்ல. டிக்கெட் கொடுப்பவரும் படம் ஓட்டுபவரும் ஒருவரே. பழைய சாட்சிக் கூண்டில் நின்றுதான் டிக்கெட் கொடுப்பார். அதனால் படம் நன்றாயில்லை என்றால் அவரால் பொய் சொல்ல முடியாது என்பது எங்கள் கேலி. நீதிபதி அமர்ந்த மேடையில் திரை. பெஞ்சுகளில் முதுகு வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் எல்லாப் படத்துக்கும், நம் மொழிப் படத்துக்கும்கூட, வசனத்தை எழுத்தில் போட்டுக் காட்டும் ஒரே இடம் அதுதான்.

3. என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மற்ற தியேட்டர்களில் அவள் திரையைப் பார்த்ததைவிட என் முகத்தைப் பார்த்ததே அதிகம், எப்போது சிரிப்பது என்று தெரிந்துகொள்ள. போகப் போக, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சைகை காட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். இந்த மண்டபத்திற்கு வந்த முதல் நாள் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஒருத்தி பக்கத்தில் இருப்பதே மறந்துபோயிற்று. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மனுவில் அடக்க முடியாது.

4. வாசலின் இரட்டைக் கதவு உள்பக்கம் திறக்கிறது, ஆபத்து நேரத்தில் கூட்டம் வந்து மோதினால் திறக்க முடியாது, மாற்றுங்கள் என்றது தீயணைப்புத் துறை. நியாயம். அவ்வளவு பழைய கதவில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றது தொன்மைக் கட்டடத் துறை. அதுவும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் தாங்கள் திரையரங்கை மூடினீர்கள். மாதக் கடைசிக்குள் மறுபடி காட்சி நடக்காவிட்டால் குத்தகை போய்விடும், மண்டபம் சோபா கிடங்காகிவிடும். அக்கா மறுபடி வீட்டிலேயே இருப்பாள்.

5. போன வாரம் இரு துறையினரையும் தாங்கள் வாசலுக்கு வரவழைத்தீர்கள். வாக்குவாதம் முற்றியதும் வேறு கூட்டம் இருப்பதாகப் புறப்பட்டுவிட்டீர்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் ஐயா. எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கத்தலெல்லாம் காதில் விழாத அக்கா மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரும்பு முளைகளின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதை அவள்தான் கண்டாள். என் தோளைத் தட்டிக் கைகளால் கேட்டாள்: "தூக்கி வெச்சுட்டா என்ன?"

6. தூக்கினோம். டிக்கெட்காரர், எங்கள் பல் டாக்டர், வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர்கள் என்று ஆளுக்கொரு கை. இரண்டு கதவும் ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வந்தன. தொன்மைத் துறை அம்மா கீல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, இவை கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். தீயணைப்பு அலுவலர் வெறும் வாசலில் உள்ளே போய் வெளியே வந்து பார்த்தார். "இப்ப எந்தப் பக்கம் தொறக்குதுன்னு நான் எப்படிங்க குறை சொல்றது?" என்று சிரித்தபடியே கையெழுத்திட்டார். இருவர் எழுதியதன் நகல்களும் இணைப்பில் உள்ளன.

7. அந்த இரண்டு கையெழுத்தின் பலத்தில் ஞாயிறு மாலை காட்சி நடந்தது. படம் பார்க்க வந்தவர்களே கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம், வெளிச்சம் வராமல் கறுப்புத் துணி தொங்கவிட்டோம், முடிந்ததும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். ஓர் இருக்கைகூடக் காலியில்லை. திரையில் எழுத்து, பேசும் வசனத்தைவிட ஒரு நொடி முந்தி வரும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே நகைச்சுவைக் காட்சிகளில் அக்கா முதலில் சிரித்தாள், மண்டபம் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. ஜெயித்துவிட்டோம் ஐயா, அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

8. மறுநாளே தங்கள் நோட்டீஸ்: காட்சி நேரத்தில் வாசலில் கதவு காணப்படவில்லை, மறு உத்தரவு வரை காட்சி கூடாது. கதவு இருந்தபோது இருப்பது குற்றம், இல்லாதபோது இல்லாதது குற்றம் என்றால், பாவம் அந்தக் கதவு என்னதான் செய்யும்?

9. எனவே வரும் ஞாயிறுக்குள் அந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்று உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்களும் நேரில் வர வேண்டும். இடப்பக்கக் கதவின் கீழ்முனைக்கு ஓர் ஆள் குறைகிறது, ஒரு கை கொடுத்தால் போதும். அக்காவுக்குப் பக்கத்தில் என் இருக்கையைத் தங்களுக்கு விட்டுத்தருகிறேன். எங்கே சிரிப்பது என்று சந்தேகம் வந்தால் அவள் முகத்தைப் பாருங்கள்.

வாசலில் காத்திருக்கும்,

(கையொப்பம்) தங்கை
(கையொப்பம்) அக்கா

இடம்: பழைய நீதிமன்றத் தெரு
நாள்: கதவைக் கழற்றிய ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்