வால்வில் கட்டிய கம்பி

12-8-1958, செவ்வாய்

காலையில் மில் சாயப்பட்டறையில் பாய்லர் குழாய் வெடித்து, பாய்லரில் வேலை செய்யும் ரங்கனின் முகமும் வலது கையும் வெந்துவிட்டன. மில் ஆஸ்பத்திரியில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். களிம்பு தடவும்போது அவன் முனகினான்.

"அம்மணி, ஆவி மிஞ்சுனா தானாத் தொறக்கிற வால்வை ஆரோ கம்பி போட்டுக் கட்டி வெச்சுப்போட்டாங்க. நான் கட்டலீங்க."

பெரியாஸ்பத்திரிக்கு அவனை வண்டி ஏற்றியதும் சாயப்பட்டறை மேஸ்திரி வந்தார். "ஏனுங்க நர்சம்மா, குடிச்சிருந்தான்னு ஒரு வரி எழுதிப்போடுங்க" என்றார். நான் அவன் வாயருகே குனிந்து கட்டுப் போட்டவள். சாராய வாடையே இல்லை.

மத்தியானம் பாய்லரைப் போய்ப் பார்த்தேன். கம்பியைக் காணோம். வால்வின் கழுத்தில் மட்டும் புதிதாகச் சுரண்டிய தடம் பளபளத்தது. நான் திரும்பி வந்தபோது மேஸ்திரி டிஞ்சர் கேட்டு நின்றிருந்தார். விரலில் மெல்லிய வெட்டு. "தகரங் கிழிச்சுப்போச்சுங்க" என்றார். எப்படி வெட்டியது என்று நான் கேட்கவே இல்லை.

அவர் எதிரிலேயே பதிவேட்டைத் திறந்து, 'மது வாடை இல்லை. வால்வு கட்டப்பட்டிருந்ததாக நோயாளி சொன்னார்' என்று மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நிதானமாகப் படித்தார். கோபமே இல்லை.

"நீங்க ஊட்டுல தனியாத்தானுங்களே இருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இன்றைக்கு ஏன் கேட்டார்?