வீட்டுக் காருக்கு விலை சொன்னது

2023 அக்டோபர் 3, செவ்வாய்

இன்று கடைக்கு விலை பார்க்க வந்தது ஏழு கார்கள். ஐந்தாவதாக வந்தவர், கதவுக்குப் பெயிண்ட் அடித்ததே இல்லை என்று அடித்துச் சொன்னார். நான் விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "இடது பின்கதவு, மூணு வருஷத்துக்குள்ள" என்றேன். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்கு போன் போட்டார். மனைவி மார்க்கெட் தூணில் உரசியதை மறைத்து, சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருந்தாளாம். முதலாளி ஒகாசே பின்னால் நின்று சிரித்தார். "மிசாவோ ஸான், உங்க கண்ணை ஆஸ்பத்திரிக்கு வாடகைக்கு விட்டா எக்ஸ்ரே மெஷின் வாங்கவே வேணாம்."

பழைய கார் மதிப்பீட்டாளர் உரிமம் வாங்கிப் பதினேழு வருஷம். பார்த்தது ஆறாயிரம் காருக்கு மேல். நான் எழுதிய தாள் தப்பு என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தற்பெருமைதான். என் நாட்குறிப்பில் நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

அக்டோபர் 8, ஞாயிறு

போன இடத்தில் மழை பிடித்துக்கொள்ள, நனைந்துகொண்டு ஒரே சந்தோஷமாக வந்தார் என் வீட்டுக்காரர் தெட்சுரோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குசாகாவின் பழைய கார் கடைக்குப் போய், தன் வெள்ளை ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இருபத்தெட்டு லட்சம் யென்! அதே விலையில் அங்கே சமையல் வண்டி ஒன்று நிற்கிறதாம். அடுப்பு, தொட்டி, பரிமாறும் ஜன்னல் எல்லாம் வைத்துக் கட்டியது. காரைக் கொடுத்து அதை நேருக்கு நேர் எடுத்துக்கொள்ளலாம். பதினைந்தாம் தேதிவரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷம் பியானோ ஃபாக்டரியில் மூடி செய்தவர். நவம்பரோடு விலகுகிறார், எழுதியும் கொடுத்தாயிற்று. இனி கியோசா, அதாவது காய்கறி வைத்துச் சுடும் கொழுக்கட்டை, விற்கப் போகிறார். எங்கள் ஊர் ஹமமாட்சுவில் தெருவுக்குத் தெரு கியோசா கடை. ஆனாலும் இவர் சுடுவது போல அடி முறுகலாக, உள்ளே முட்டைக்கோஸ் இனிக்க வேறு யாரும் சுடுவதில்லை. இதைப் பெண்டாட்டியாகச் சொல்லவில்லை.

ஆனால் ஏன் குசாகா? என் கடை என்ன குறைந்துவிட்டது?

"பொண்டாட்டி கடையில வித்தா, விலையை ஏத்திப் போட்டுக்கிட்டாங்கன்னு நாலு பேர் சொல்லுவாங்க. உன் பேருக்கு எதுக்கு அது?"

நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது. "இருபத்தெட்டா? அந்த வருஷத்து வண்டியை அமெரிக்காக்காரன் தேடித் தேடி வாங்குறான். முப்பத்தொண்ணுக்குக் குறைவா சொன்னா அந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றேன். நாளை விடுமுறை. நானே பார்த்து, தாள் எழுதி, குசாகாவின் மேஜைமேல் வைக்கப் போகிறேன்.

இந்தக் காரை நான் தொழில் கண்ணால் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "ஊர் காருக்கெல்லாம் நீ வைத்தியம் பாரு. இதை மட்டும் விட்டுடு."

அக்டோபர் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கு விளக்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்பக்கம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை எங்கே வைத்தாலும் ஒரே எண். முப்பத்தொன்று என்ன, முப்பத்திரண்டே கேட்கலாம் என்று தோன்றியது.

டிக்கியில் அவருடைய மெழுகுப் பெட்டி. அதை இறக்கிவைத்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்தேன்.

தகடு இரண்டும் சேரும் ஓரத்தில் பூசிய பசையில் நகம் பதிந்தது. ஃபாக்டரியில் பூசியதென்றால் பதியாது. வெல்டிங் புள்ளிகளும் ஒரே அளவில் வரிசையாக இல்லை; பக்கத்துக்கு ஒன்றாகக் கோணிக்கொண்டு கிடந்தன. பின்னாலிருந்து பலமாக இடிபட்டு, அடித்தளத்தையே வெட்டி மாற்றியிருக்கிறார்கள். நல்ல கைவேலை. ஆனால் விபத்து வண்டிதான்.

காபியோடு வாசலில் நின்றிருந்தார். "என்ன, முப்பத்தொண்ணு வருமா?"

"இன்னும் முடியல" என்றேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

சொல்லவில்லை.

அக்டோபர் 11, புதன்

இவர் வாங்கியது பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எங்கள் கல்யாணத்துக்கும் முன்பே. இடிபட்டதே இல்லை என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். இவர் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை; மழை பெய்தால் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு கடைக்கு நடப்போம், கார் கூரைக்கு அடியில் நிற்கும். குசாகா மழையில் பத்து நிமிஷம் பார்த்திருக்கிறான், விரிப்பைத் தூக்கவில்லை. தப்பு அவனுடையது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சமையல் வண்டி வாசலில் வந்து நிற்கும். யாருக்குத் தெரியும்?

வாங்கப்போகிறவனுக்குத் தெரியாது. அதுதானே விஷயம்.

இதில் எனக்குக் கோபம் வேறு. ஆறாயிரம் கார் பார்த்தவளாம்! என் கூரைக்கு அடியில் நின்றதைப் பார்க்கவில்லை. யாரிடம் சொல்லி அழுவது இதை? முப்பத்தொன்று என்று பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் டிக்கியைத் திறந்தே இருக்கமாட்டேனே.

அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தம். வேகம் பழகுகிறார்.

அக்டோபர் 12, வியாழன்

காலைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

பாதிச் சோற்றோடு எழுந்து போனார். தானே ஸ்டெப்னியைத் தூக்கி, தன் நகத்தால் அழுத்திப் பார்த்தார். வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"எனக்கு முன்னாடி நடந்ததா?"

"உங்களுக்கு முன்னாடிதான்."

"அப்போ என்கிட்ட பொய் சொல்லி வித்திருக்கான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பார்க்காமலே இருந்திருக்கலாம்" என்றார்.

பொத்துக்கொண்டு வந்துவிட்டது எனக்கு. பார்த்துத் தொலைச்சேனே, நான் என்ன செய்ய! கண்ணைக் கழட்டி வைக்கவா முடியும்? ஆசை ஆசையா நீங்க நறுக்குறதைக் கேட்டுக்கிட்டு மூணு நாளா எனக்கு மட்டும் சோறு இறங்குச்சா? இப்படியெல்லாம் கத்தினேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் போனார், காரை எடுக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

"கிளம்பு, குசாகாகிட்ட போறோம்" என்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. காரைக் கொடுத்துவிட்டுச் சாவி வாங்கிவிடுவாரோ? வாங்கினால் நான் என்ன செய்வேன்?

குசாகா தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். இவர் உட்காரவே இல்லை. "ஐயா, முதல்ல டிக்கியைத் திறந்து பாருங்க. இது அடிபட்ட வண்டி. எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

குசாகாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. முட்டி போட்டு விளக்கடித்துப் பார்த்தான். "இதை நான் எப்படி விட்டேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். திரும்ப வந்து கணக்குப் போட்டு, "பதினேழு. மன்னிக்கணும்" என்றான்.

"பதினேழரை" என்றேன். "நாலு டயரும் இந்த வசந்தத்துலதான் போட்டது. கீழ ஒரு இடத்துல துரு கிடையாது. குறையைச் சொன்னோம்ல, நிறையையும் எழுதுங்க."

ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினேழரை என்றே எழுதினான். அதுதான் நியாயமான விலை. ஒரு யென் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சமையல் வண்டி கையைவிட்டுப் போயிற்று. பின்வரிசையில் ஒரு சின்ன லாரி நின்றது, வெறும் பெட்டி மட்டும். தெட்சுரோ அதன் பக்கப் பலகையை முழங்கையால் அளந்தார். அப்புறம் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்டார். "இருபத்தாறு வருஷம் பியானோவுக்கு மூடி போட்டவனுக்கு இதுல ஒரு ஜன்னல் போட வராதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

நவம்பர் 19, ஞாயிறு

காருக்குப் பதிலாக எடுத்த அந்த லாரியில் இவர் போட்ட ஜன்னல் பலகை ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது, மூடும்போது சத்தமே இல்லை. கை கழுவும் தொட்டி மட்டும் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடுதல் என்று சுகாதார அலுவலகத்துக்காரர் திருப்பிவிட்டார். அதற்கு இவர் போட்ட சண்டை!

டிசம்பர் 9, சனி

நேற்று கியோசா வண்டிக்கு அனுமதி கிடைத்தது. இன்று லாரியின் மீதிக் காகிதங்களை வாங்க இருவரும் குசாகா கடைக்குப் போனோம். எங்கள் வெள்ளைக் கார் முன்வரிசையில் நின்றது. கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'பழுது பார்த்த வரலாறு: உண்டு'. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். குசாகா வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

தெட்சுரோ நேராக அவளிடம் போனார். "என்ன பழுதுன்னு பார்க்கணுமா? வாங்க." தானே டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, அவள் விரலைப் பசைமேல் வைக்கச் சொன்னார். இங்கே வெட்டியிருக்கிறார்கள், இங்கே சேர்த்திருக்கிறார்கள், இதற்குமேல் வேறு ஒன்றும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"நீங்க இந்தக் கடை ஆளா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா, பழைய சொந்தக்காரன். இத்தனை வருஷம் ஓட்டின எனக்கே தெரியல. கடைக்காரருக்கும் தெரியல. கண்டுபிடிச்சது என் பொண்டாட்டி. தோ, அங்க நிக்குறா பாருங்க. அவ இவ்வளவுதான் பழுதுன்னு சொல்லிட்டா இவ்வளவுதான். தைரியமா வாங்குங்க."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காதில் விழாத மாதிரி பக்கத்து வண்டியின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.