சேறா, மணலா

தம்பிக்கு,

என் மூத்த மகனின் பிள்ளை பெரம்பூர் ரெயில் பட்டறையில் சேர்ந்துவிட்டான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவன் போகும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவன் தங்கை தையல் பரீட்சையில் பாஸாகி, சொந்த மிஷினில் ரவிக்கை தைக்கிறாள். உன் மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். ஊசி போட்டுப் பழக யார் கையைக் கேட்டாள் தெரியுமா, என் கையைத்தான். எண்ணூரில் இருக்கும் நம் பேத்தி, உன் படகில் அன்று நாம் யாருக்காகப் போனோமோ அவள், நான் நின்றுபோன ஐந்தாம் வகுப்பைத் தாண்டி ஆறாவதில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. உனக்குத்தான் சொல்லவில்லை.

இன்று காலை மாப்பிள்ளை எண்ணூரிலிருந்து நாக்கு மீன் கொடுத்தனுப்பினார். தோல் உரிக்கலாம் என்று கையில் எடுத்தேன். தட்டையாகக் கிடந்து, ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. அந்த மணல் வாடை மூக்கில் ஏறியதும் மீனைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டேன். மருமகளை உரிக்கச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அது ஜப்பான் சண்டைக் காலம். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எண்ணூரிலிருந்து ஆள் வந்தான். என் மகளுக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அம்மா வேண்டும் என்று அலறுகிறாள் என்றான். ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரெயிலில் கால் வைக்க இடமில்லை. திரும்பி வந்து கரையில் நின்று அழுதேன். நீ வலையை அப்படியே போட்டுவிட்டு, ஏறு என்றாய்.

கரையில் இருந்தவர்கள் விடவில்லை. நம் குப்பத்தில் பெண்பிள்ளை படகில் கால் வைக்கும் வழக்கம் கிடையாது. ஒரு பெரியவர் குறுக்கே வந்து, பொம்பளையை ஏற்றினால் கடலம்மா சும்மா விடமாட்டாள் என்றார்.

நீ துடுப்பை எடுத்துக்கொண்டே, "எங்கக்காவா? அத யாரு பொம்பளைன்னு சொன்னது மாமு? அது போலீசு" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏறிவிட்டேன்.

பாதி வழியில் பனி இறங்கியது. கரை மறைந்தது, சூரியன் மறைந்தது, படகின் முனைகூடத் தெரியவில்லை. எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் துடுப்புப் போட்டால் நடுக்கடலுக்குத்தான் போவோம் என்று நிறுத்திவிட்டாய். நீரோட்டம் இழுத்த பக்கம் படகு போயிற்று. அப்போதுதான் கப்பல் சங்கு கேட்டது. ஒரு தடவை முன்னால் கேட்டது, அடுத்த தடவை முதுகுக்குப் பின்னால்.

நீ நாக்கு மீன் தூண்டிலை எடுத்தாய். படகை ஓட்டத்தோடு மிதக்கவிட்டால், ஈயக் குண்டு கடலடியை உரசிக்கொண்டே வரும், பின்னால் இரை இழுபடும். குண்டின் அடியில் நீ மெழுகு அப்பியிருப்பாய், கீழே கிடப்பது அதில் ஒட்டி வரும். சாகப்போகும் நேரத்தில் மீன் எதற்கு என்று உன்னைத் திட்டினேன்.

"மீனுக்கு இல்லக்கா. கப்பல் போற பாதைல அடியில சேறு. கரையோரம் மணலு. நாம எதும்மேல கீறோம்னு தெரியணும்."

குண்டு மேலே வந்தது. கறுப்புச் சேறு. மறுபடி இறக்கினாய், மறுபடி சேறு. பனிக்குள் ஒரு பெரிய சுவர் நகர்ந்துபோனது மாதிரி இருந்தது. அதன் அலை வந்து படகைத் தூக்கிப்போட்டது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நீ இறைக்கவேண்டும் என்று தூண்டில் கயிற்றை என் ஆள்காட்டி விரலில் மாட்டினாய்.

"வெரலை மடக்கிக்கோ, வுட்றாத. கை நடுங்குதேன்னு பாக்காத. எனக்கும்தான் நடுங்குது."

உனக்கும் பயம் என்று தெரிந்தபிறகு எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ. கயிறு கனத்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை, நனைந்த புடவை போலக் கனத்தது. எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். இழுத்துப் பார்த்தால் நாக்கு மீன். நீ மீனைப் பார்க்கவேயில்லை.

"குண்டைப் பாருக்கா. சேறா, மணலா?"

மெழுகில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "மணலு" என்றேன். நீ இறைக்கிற பானையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை என் முந்தானையில் துடைத்துக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் கரையில் அலை உடையும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டாய். நாம் போய்ச் சேர்ந்தபோது மருத்துவச்சி பிள்ளையைத் திருப்பி எடுத்துவிட்டிருந்தாள். வாசலிலேயே பேத்தியின் அழுகை கேட்டது.

சில வருஷம் கழித்து அதே மாதிரிப் பனியில் நீ தனியாகப் போனாய். படகும் வரவில்லை, நீயும் வரவில்லை. அந்தப் பெரியவர், அன்றைக்கே சொன்னேன் என்று யாரிடமோ சொன்னாராம். என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொல்லாததால் அது உள்ளேயே கிடக்கிறது. பனி இறங்கும் காலையில் என் விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. உன் மகள் வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறாள். போன வாரம் தேய்த்துக்கொண்டே, "நைனா மூஞ்சி எனக்குக் கலைஞ்சிகினே போவுது அத்தே" என்றாள்.

காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? சின்ன வயசில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு படம். அதிலும் நீ ஆடிவிட்டாய், முகம் புகையாக இருக்கிறது.

ஓட்டம் உன்னை ஆந்திரக் கரையில் ஏற்றியிருக்கும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. இந்தத் தடவை ஆடாமல் நில். எழுதத் தெரிந்த யாரிடமாவது கொடுத்து, பின்பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதச் சொல். சேறா, மணலா?