ஜஸ்லா வழுக்கி விழவில்லை

மாத்தளை.

அன்பு மகள் நிஷ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். கத்தாரில் நீயும் மருமகன் றிகாஸும் பேத்தி ஜஸ்லாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, மனம் ஒப்பவில்லை. இங்கே விடாத மழை, பறித்த மிளகு காயாமல் பூசணம் பிடிக்கிறது, வாப்பாவின் முழங்கால் வலி அப்படியே. அதெல்லாம் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் ஜஸ்லாவின் கையில் கட்டு இருந்தது. என்ன மகள் என்று கேட்டதற்கு, உன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் உம்மும்மா" என்றாள். போனை வாங்க நீ கை நீட்டினாய், பிள்ளை தலையைக் குனிந்து ஒடுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நான் கோல் எடுத்தால் நீ தூக்குவதில்லை. நேற்று பட்டப்பகலில் ஜஸ்லாதான் போனைத் தூக்கி, உம்மா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டாள்.

மகள், நாலாம் வகுப்பில் நீ சிங்களப் பாடத்தில் பன்னிரண்டு மார்க் எடுத்த அன்று, நான் அகப்பையால் அடித்து உன் புருவம் வெடித்தது. படியில் விழுந்தேன் என்று வாப்பாவிடம் நீயே சொன்னாய். நான் சொல்லித்தரவில்லை, தடுக்கவும் இல்லை. அன்றைக்கு என் கை நடுங்கியது. அடுத்த மாதம் அடித்தபோது நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது பயப்படுகிறேன். அதற்குப் பிறகுதான் உன் சர்மிளா டீச்சர் புருவத்தில் தையல் போட்ட தழும்பைப் பார்த்து வீட்டுக்கு வந்தார். ஏசுவார் என்றிருந்தேன், ஏசவில்லை. "கோபம் வந்தா பிள்ளைய விட்டுட்டு வெளிய போயிருங்க, மார்க்கைப் பத்தி அன்னைக்கே பேச வேணாம்" என்றார். ஸ்கூல் விட்டதும் தினம் ஒரு மணித்தியாலம் உன்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் குளிப்பேன், தொழுவேன், சில நாள் அழுது தீர்ப்பேன். அப்படித்தான் கை நின்றது. உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை, உம்மா பிள்ளையிடம் கேட்பதா என்ற பெருமை. இப்போது கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

வேலையும் வீடும் பிள்ளையின் பாடமும் உன் ஒருத்தி தலையில் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், றிகாஸிடம் நீயே வாய்திறந்து சொல், இந்தக் கோபத்துக்கு ஒரு டொக்டரிடம் போ. உம்மா செய்தது பிழை என்று ஜஸ்லாவிடம் சொல், அவள் இனி உனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். வருகிற வெள்ளிக்குள் நீ சொல்லாவிட்டால் றிகாஸிடம் நான் சொல்வேன். என்னோடு கோபித்துக்கொள், நான் தாங்குவேன். ஜஸ்லா தாங்கமாட்டாள்.

லீவு முடிந்து நாளைக்குக் கத்தாருக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு பவாஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உன் கையில் மட்டும் தரச் சொன்னேன். வாசித்ததும் கோல் எடு. அல்லாஹ் உன்னையும் ஜஸ்லாவையும் காப்பானாக.

துஆவுடன்,
உன் உம்மா ஹவ்வா