மொட்டையோடு வருகிறாள் ரூபி

புதுச்சேரி,
6.2.2025

மாதா துணை.

அன்பு மாமாவுக்கு,

மெரின் எழுதுவது. நானும் ரூபியும் சுகம். போனில் வாயைத் திறந்தாலே நமக்குள் சண்டை வருகிறது, கொஞ்ச நாள் எழுதிப் பாருங்கள் என்று கோயில் சாமியார் சொன்னதால் எழுதுகிறேன். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலை நம்பினால் ரூபி நடக்கவே ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. நீங்களோ குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா, ஒரு வருஷம் போகட்டும் என்கிறீர்கள். அவள் வயிற்றில் இருக்கும்போது கிளம்பியவர், இன்னும் தொட்டதுகூட இல்லை. எனக்குக் கோபம்தான். ஆனாலும் காரணத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

உங்கள்
மெரின்

பாரீஸ்,
9.2.2025

அன்புள்ள மெரினுக்கு,

படித்தேன். கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்.

நான் வந்த விமானத்தில் முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை. சென்னையில் ஆரம்பித்த அழுகை இங்கே வரைக்கும் ஓயவில்லை. காது அடைத்துக்கொண்டதாம். அந்தப் பெண் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள், சாப்பிடக்கூட இல்லை. எல்லோரும் முறைத்தார்கள். நானும் முறைத்தேன். நீ வேலைக்குப் போய்வந்த நம்ம ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனி பஸ்ஸைத் தவிர எதிலும் தனியாகப் போனதில்லை. அதனால்தான் சொல்கிறேன், கோபப்படாதே.

அன்புடன்
மரிய அருண்

புதுச்சேரி,
16.2.2025

மாமாவுக்கு,

தனியாகப் போனதில்லை என்றீர்கள். போய்விட்டு வந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் வேளாங்கண்ணியில் மொட்டை என்று நேர்ந்துகொண்டீர்களே, அதை யார் முடிப்பது? ரூபியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வயிறு முட்டப் பால் கொடுத்து ஏற்றியது என் தப்பு. கடலூர் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டு அக்காவின் புடவையில் கக்கிவிட்டாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவராம். "மீன் தண்ணி படாத பொடவயா இது? கொழந்தயக் குடு இப்டி, நீ மொதல்ல மூஞ்சியக் கழுவு" என்று வாங்கிக்கொண்டார். மொட்டை அடிக்கும்போது மட்டும் ரூபி ஊரைக் கூட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் நல்ல தூக்கம். படம் அனுப்பியிருக்கிறேன். தலை அப்படியே உங்கள் தலைதான்.

டிக்கெட்டை இரண்டு பேருக்கும் போடுங்கள்.

மெரின்

பாரீஸ்,
18.2.2025

மெரினுக்கு,

என்ன காரியம் செய்தாய்! பாஸ்போர்ட் படத்தில் தலை நிறைய முடி இருக்கிறது. மொட்டையோடு போய் நின்றால் வேறு குழந்தை என்று நிறுத்திவிடுவார்கள். முடி வளரட்டும், நீ மட்டும் முதலில் வா.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் என் முகத்தைப் பார்த்தாலே ரூபி வீறிடுகிறாள். நீ போனைத் திருப்பிய பிறகுதான் நிறுத்துகிறாள். இங்கே இருப்பது ஒரே அறை. நான் எங்கே போய் ஒளிந்துகொள்வேன்? பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுவதை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, மெரின். ஒரு வருஷம் போனால் அவளுக்குக் கொஞ்சம் விவரம் தெரியும் என்று நினைத்தேன்.

அருண்

புதுச்சேரி,
20.2.2025

அன்பு மாமாவுக்கு,

படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இதைச் சொல்ல இத்தனை நாளா? ஒரு வருஷம் கழித்து வந்தால் விவரம் தெரிந்து இன்னும் சத்தமாக அழுவாள், அவ்வளவுதான்.

மொட்டையைப் பற்றி டிராவல்ஸ் கடை ராஜ்கமலிடம் கேட்டேன். "நம்ம ஊரு கொழந்தைங்க பாதி அப்டித்தாங்க்கா ஏறுது" என்று சிரித்தார். நீங்கள் போடுவீர்கள் என்று காத்திருக்கவில்லை. டிக்கெட்டை அவரிடமே போட்டுவிட்டேன், இரண்டு பேருக்கும். அடுத்த சனிக்கிழமை வருகிறோம்.

இறங்கி வெளியே வந்ததும் ரூபியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் பாத்ரூம் போய்விடுவேன். அழுவாள். வைத்துக்கொண்டு நில்லுங்கள். அழுகை நிற்கிற வரைக்கும் நான் வெளியே வரமாட்டேன்.

உங்கள்
மெரின்