ஒன்பதாம் பக்கத்து வரி

மார்ச் 3

அன்புடையீர்,

இங்கே நலமில்லை; அதனால்தான் இந்தக் கடிதம். நான் வேலை பார்த்த ஊரில் எடுத்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கை, பதினொரு பக்கமும் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. இங்குள்ள டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மஜ்ஜை மாற்ற வேண்டுமாம், நாளைக் கடத்தக் கூடாதாம். இந்த வேலை தெரிந்தவர் எனக்கு நீங்கள் ஒருவர்தான். பத்து நாளில் முடித்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள

மார்ச் 10

என் தம்பிக்கு,

எட்டு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதுவும் "அன்புடையீர்" என்று! பாங்க் மேனேஜருக்கு எழுதினாயா, அக்காவுக்கா? போகட்டும்.

மொழிபெயர்ப்பு இத்துடன் வருகிறது. ஜெர்மன் மொழியில் மஜ்ஜையும் தண்டுவடமும் ஏறக்குறைய ஒரே சொல். அவசரக்காரர் கையில் சிக்கியிருந்தால் உன் இடுப்பெலும்பை விட்டுவிட்டு முதுகைப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு அகராதியில் பார்த்தேன். "மஜ்ஜையில் செல்கள் மிகக் குறைவு" என்ற வரியை மட்டும் மூன்றாவது அகராதியிலும் பார்த்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் "உடன்பிறந்தோர்: இல்லை" என்று இருந்தது. நீ சொல்லாமல் அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். மூலத்தில் இருப்பதை மாற்றுவது எங்கள் தொழிலில் கூடவே கூடாது, அப்படியே எழுதினேன். ஆனால் கடைசியில், "நோயாளி எனக்கு உறவினர் அல்லர்" என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். அது என்னால் ஆகாது. பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்து, வரிவரியாகச் சரிபார்க்கச் சொல்லி, அவளையே கையெழுத்திட வைத்தேன்.

"பாவம், இவருக்குக் கூடப் பிறந்தவங்க யாருமே இல்லையே" என்றாள்.

"இருக்காங்க" என்றேன்.

நாளைக்குப் பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

மொழிபெயர்ப்பு கிடைத்தது. டாக்டர் மெச்சினார். ரத்தமெல்லாம் வேண்டாம். வெளியே தேடிக்கொண்டிருக்கிறார்கள், யாராவது கிடைப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ "வேலை முடியவில்லை" என்று எழுதினாய். நான் வேலை பார்த்த ஊரில் பரிசோதனை எடுத்தபோது, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று நர்ஸ் என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

அப்பா விஷயத்தில் தப்பு என்னுடையது. ஆயிரம் சாக்குச் சொல்லலாம். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அவரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ தனியாக அல்லாடினாய். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

மஜ்ஜை வேறு விஷயம். என் பரிசோதனை முடிவை உன் அறிக்கையில் இருக்கும் திசு அடையாளங்களோடு வைத்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்து பொருந்துகிறது. கோபத்தை நீ வைத்துக்கொள், மஜ்ஜையை வாங்கிக்கொள்.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் அந்த வரியைத் திருத்துவது என் வேலை இல்லை. நோயாளிதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எட்டாம் தேதி புதன்கிழமை பத்து மணிக்கு உன் ஆஸ்பத்திரியின் ரத்தப் பிரிவு பெஞ்சில் இருப்பேன். நீ வராவிட்டால் வியாழனும் இருப்பேன். ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

புதன்கிழமை வெறும் வயிற்றில் வர வேண்டுமாம். காபி இல்லாவிட்டால் உனக்குத் தலைவலி வரும், தெரியும். அதற்காகக் குடித்துத் தொலைக்காதே. பெஞ்சில் போய் உட்கார வேண்டாம், ஸ்டேஷனுக்கே வருகிறேன்.

மஜ்ஜை தருவது யார் என்று இங்கே நர்ஸ் கேட்டார். "எங்க அக்கா" என்றேன். அவர் அதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

உன் தம்பி